குதிருக்குள் இருந்தது யார்?

‘எங்கப்பன் குதிருக்குள் இல்லை’ என்பதை உளறிக் காட்டிக்கொடுப்பவர்களைக் கேலி செய்யத்தான் பயன்படுத்துகிறோம். கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்கிறார், அப்பா ஒளிந்துகொள்கிறார், பிள்ளை வாய் தவறிவிடுகிறது. கதை அவ்வளவுதான். ஆனால், அதற்குள் ஒரு துப்பு இருக்கிறது. நெல் நிறைந்த குதிருக்குள் எந்த அப்பனும் இறங்க முடியாது. ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு அது காலியாக இருந்திருக்கிறது. குதிர் காலியானதால்தான் கடன். கடனால்தான் வாசலில் ஆள்.

தமிழ்நாட்டுச் சிறுநகரங்களின் கடைத்தெரு வரலாற்றை இந்தக் காலிக் குதிரிலிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன். கோயில், அரண்மனை, ரயில் நிலையம் என்று ஊர் வளர்ந்த கதையை எப்படி எழுதினாலும் அடியில் ஒரு கேள்வி கிடக்கிறது: தை மாதம் அறுத்த நெல் ஐப்பசி வரை யாரிடம் இருந்தது? விளைவித்தவர் இங்கே விலை சொன்னதில்லை. நெல்லை வைத்துக்கொண்டு காத்திருக்க முடிந்தவர்தான் சொன்னார்.

வசதியான வீட்டில் மரப்பலகையால் செய்த பத்தாயம் கூடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். அதற்கடுத்த வீட்டில் மண் உறைகளை அடுக்கிச் சாணம் பூசிய குதிர். அதற்கும் மேல் விளைந்தால் வைக்கோல் பிரியைச் சுற்றிச் சுற்றி வாசலிலேயே சேர் கட்டுவார்கள். பூட்டு கிடையாது, மேலே மண்ணும் சாணமும் மெழுகிய பூச்சுதான். குத்தகைக்காரருக்கும் கூலிக்காரருக்கும் இவை எதுவும் தேவைப்படவில்லை. களத்து மேட்டிலேயே வாரம், வட்டி, வண்ணார் பங்கு, நாவிதர் பங்கு எல்லாம் அளந்தது போக மிஞ்சுவது சாக்கில் அடங்கிவிடும். அறுவடை நேரத்தில் விலை விழுந்துகிடக்கும்போது விற்ற அதே நெல்லை, ஆடி ஆவணியில் ஏறிய விலைக்குத் திரும்ப வாங்குவது அவர்கள் வாழ்வின் ஆண்டுச் சடங்கு.

இந்த இடைவெளியின் முதல் பெரிய உடைமையாளர் கோயில். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜனின் அதிகாரிகள் நெல் அளந்த மரக்காலுக்குப் பெயரே உண்டு: ஆடவல்லான். இறைவனின் பெயரைத் தாங்கிய அளவை அது. ஊர்ச் சபைகள் கோயில் பணத்தைக் கடனாக வாங்கி வட்டியை நெல்லாக அளந்தன. பக்தியும் வங்கியும் ஒரே மரக்காலில் அளக்கப்பட்டன என்று சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கும். கல்வெட்டுக்கு அந்த வருத்தமெல்லாம் இல்லை. ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் இன்றும் வட்ட வட்டமாகச் செங்கல் களஞ்சியங்கள் நிற்கின்றன. பாபநாசம் அருகே திருப்பாலைத்துறையில் தஞ்சை நாயக்க மன்னர் ரகுநாதர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய களஞ்சியம், 36 அடி உயரமும் 86 அடிச் சுற்றளவும் கொண்டது. 3,000 கலம் நெல் பிடிக்கும். கூம்பிய தலையோடு செங்கல்லில் எழுந்த அந்தக் கட்டிடத்தின் பக்கத்தில் நின்று பார்த்தால் ஒன்று தெரியும். கட்டியவர்கள் மழையைப் பற்றி யோசித்திருக்கிறார்கள்.

ரயிலும் மண்டியும்

1861இல் நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே ரயில் ஓடியது. நெல்லுக்கு அதுவரை மாட்டு வண்டி வேகம்தான். இப்போது துறைமுகம் ஒரு பகல் தூரத்துக்கு வந்துவிட்டது. இலங்கைத் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களுக்கு அரிசி வேண்டியிருந்தது, டெல்டாவில் அது இருந்தது. 1894இல் தஞ்சை மாவட்ட வாரியமே தன் பொறுப்பில் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு ஒரு ரயில் பாதை போட்டது. மாவட்ட வாரியம் ரயில் விட்டது என்றால் இன்று நம்புவது கடினம். ரயில் நின்ற ஊர்களிலெல்லாம் கிட்டங்கிகள் முளைத்தன, கிட்டங்கியைச் சுற்றிக் கமிஷன் மண்டி, தரகர், மூட்டை தூக்குவோர், சாக்குக் கடை, தராசுக் கடை, அவர்கள் எல்லோருக்கும் ஒரு சாப்பாட்டுக் கடை. டெல்டாவின் பல ஊர்களில் ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் இறங்கி நடந்தால் இந்த வரிசை இன்னமும் எலும்புக்கூடாகத் தெரியும்.

மண்டியின் மொழி தனி. நெல் அளக்கும்போது முதல் மரக்காலுக்கு ‘ஒன்று’ என்று எண்ண மாட்டார்கள், ‘லாபம்’ என்பார்கள். பிறகுதான் இரண்டு, மூன்று. அளப்பவர் இழுத்து இழுத்துப் பாடும் அந்த ‘லாபம்’ யாருக்கு என்று கேட்ட விவசாயி குறைவு. கும்பி வைத்து அளப்பதா, தலை தட்டி அளப்பதா என்பதிலேயே மூட்டைக்கு ஒன்றிரண்டு படி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போய்விடும். ஊருக்கு ஊர் மரக்கால் வேறு. 1958இல் மெட்ரிக் அளவை வரத் தொடங்கியபோது அதை வெறும் நிர்வாகச் சீர்திருத்தமாக எழுதினார்கள். கும்பியையும் தலைதட்டலையும் கண்டவர்களுக்கு அது நிலச் சீர்திருத்தத்துக்குச் சற்றே குறைந்த காரியம்.

ரயில் நெல்லைக் கொண்டுவந்தது, கொண்டும் போனது. 1876-78 பெரும் பஞ்சத்தில் சென்னை மாகாணம் செத்துக்கொண்டிருந்தபோது, ஏற்றுமதிக்காகச் சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் மலையாக அடுக்கப்பட்டிருந்த படம் ஒன்று 1877 பிப்ரவரியில் எடுக்கப்பட்டது. சந்தை தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்று வைஸ்ராய் லிட்டனின் அரசு நம்பியது. அது பார்த்தது, விலை ஏறிய இடத்தைப் பார்த்துத் தானியம் நகர்ந்தது, பசி அதிகமான இடத்தைப் பார்த்து அல்ல. நிவாரண வேலைக்கு வந்த ஆண் ஒருவருக்கு அந்த அரசின் பஞ்சத் தூதர் ரிச்சர்டு டெம்பிள் நிர்ணயித்த நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். 1918இல் உலகப் போரின் கடைசி மாதங்களில் அரிசி, துணி, மண்ணெண்ணெய் விலைகள் எகிறியபோது சென்னையிலும் மாகாணத்தின் பல சிறுநகரங்களிலும் சந்தைகளிலும் கூட்டம் கிட்டங்கிகளை உடைத்தது. பல இடங்களில் அந்தக் கூட்டம் முதலில் கேட்டது இலவசம் அல்ல, பழைய விலை. பதுக்கலைக் கண்டுபிடித்த முதல் தணிக்கை அதிகாரிகள் அவர்கள்தான்.

வணிகரை வில்லனாக மட்டும் எழுதிவிட்டால் கதை பாதியில் நின்றுவிடும். வேறொரு முகமும் இருந்தது, அதைப் பார்க்க டெல்டாவை விட்டுத் தெற்கே கரிசல் பூமிக்குப் போக வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் நாடார் வணிகர்கள் சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, சாத்தங்குடி ஆகிய ஊர்களில் குடியேறியபோது முதலில் கட்டியது பேட்டை. சுற்றுச்சுவர், உள்ளே கிணறு, மூட்டைகளை இறக்கிவைக்க அறைகள், மாடுகளை அவிழ்த்துவிட இடம். வழியில் கொள்ளை பயம், ஊருக்குள் சாதி பயம். சரக்குக்கும் ஆளுக்கும் சேர்த்து ஒரே பூட்டு. அந்தப் பேட்டைக்குள் வந்துபோகும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறு தொகை மகமையாக ஒதுக்கப்பட்டது. மகமையை அவர்களின் சாதி அமைப்பான உறவின்முறை வைத்துக்கொண்டது. அதிலிருந்து கோயில் வந்தது, கிணறு வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. கோயில்களுக்குள்ளேயே விடப்படாதவர்கள், யாரிடமும் மனு கொடுக்காமல், மூட்டைக்கு இவ்வளவு என்று தங்களுக்குத் தாங்களே வரி போட்டுக்கொண்டு ஒரு நகராட்சியை நடத்தினார்கள் என்பது தமிழ் வணிக வரலாற்றின் மிகப் பெரிய சாதனைகளில் ஒன்று. விருதுநகர் சத்திரிய வித்யாசாலைக்கு வீடுவீடாகப் பிடி அரிசி வாங்கினார்கள். அந்தப் பள்ளியில் படித்த காமராசர் பின்னாளில் முதல்வராகி மதிய உணவுத் திட்டம் கொண்டுவந்ததை எல்லோரும் அறிவோம். இன்றும் விருதுநகர்ச் சந்தை நிலவரம் என்று பருப்புக்கும் எண்ணெய்க்கும் மிளகாய்க்கும் பத்திரிகைகள் விலைப்பட்டியல் போடுகின்றன. பெரிய ஆறு கிடையாது, பெரிய விளைச்சல் கிடையாது. கிட்டங்கி இருந்தது, நம்பிக்கை இருந்தது, விலை அங்கே பேசப்பட்டது.

சங்கு ஊதிய மில்

நான் வளர்ந்த டெல்டா சிறுநகரத்தில் காலையில் மணி பார்க்க எவரும் கைக்கடிகாரத்தைத் திருப்ப மாட்டார்கள். ரைஸ்மில் சங்கு ஊதினால் எட்டு. மில்லின் புகைபோக்கி, கோயில் கோபுரத்துக்கு அடுத்த உயரம். வாசலில் மாட்டு வண்டிகள் வரிசைகட்டி நிற்கும், உள்ளே போனால் முதலில் ஊறல் தொட்டியின் புளித்த வாடை, பிறகு அவிந்த நெல்லின் இனிப்பு வாடை, கடைசியில் தவிட்டுத் தூசு. அந்த மூன்று வாடைகளையும் வைத்தே நெல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

மில் என்று நாம் சொன்ன இயந்திரம் பெரும்பாலும் எங்கல்பர்க் வகை ஹல்லர்தான். 1880களில் பிரேசிலில் காப்பிக்கொட்டையும் அரிசியும் உரிக்க உருவாகி, அமெரிக்காவில் தொழிற்சாலைச் சரக்கான கருவி. இரும்பு உருளை, அதைச் சுற்றி சல்லடை, இடையில் நெல். முதலில் நீராவியிலும் ஆயில் இன்ஜினிலும் ஓடியது. 1932இல் பைக்காரா மின்சாரமும், 1937இல் மேட்டூர் மின்சாரமும் வந்தபின் பத்துக் குதிரைத்திறன் மோட்டார் ஒன்றும் ஒரு பெல்ட்டும் இருந்தால் எந்த ஊரிலும் மில் வைக்கலாம் என்றானது. எத்தனையோ ஊர்களில் மின்கம்பம் தெருவிளக்குக்காக வரவில்லை, மில்லுக்காக வந்தது. மில்லுக்கு வந்த கம்பியிலிருந்து ஊருக்கு விளக்கு கிடைத்தது.

மில் அரைத்தது மட்டுமல்ல. சேமிப்பு, கடன், அரவை மூன்றும் ஒரே சுற்றுச்சுவருக்குள் நடந்தன. விவசாயி நெல்லைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார். பேரேட்டில் அவர் பெயரில் இத்தனை மூட்டை என்று ஏறும். பெண் கல்யாணத்துக்கு ஒரு தொகை, உரத்துக்கு ஒரு தொகை, தீபாவளிக்கு நாலு மரக்கால் அரிசி என்று ஆண்டு முழுக்க எடுப்பார். விலை எந்த நாளில் ‘முறிப்பது’ என்பது மட்டும் முதலாளியின் வாய்ச்சொல்லில் இருக்கும். வங்கிக் கிளை வராத காலத்தில் இதைச் சுரண்டல் என்று ஒரு சொல்லில் முடித்துவிட முடியாது, சேவை என்று சொல்லவும் நாக்கு வராது. நள்ளிரவில் பிரசவ வலி என்றால் பணம் கொடுத்த கதவு அது ஒன்றுதான். அந்தக் கதவைத் தட்டியவர் அடுத்த தையில் விலை பேச முடியாது என்பதும் உண்மை.

புழுங்கலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர முடியவில்லை. நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, காயவைத்து அரைக்கும் இந்த முறையில் தவிட்டிலுள்ள பி1 சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது; பிறகு தீட்டினாலும் முழுதாகப் போகாது. அரிசியும் குறைவாகவே உடையும். நூறு ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் சுரங்கத்திலும் தோட்டத்திலும் வேலை செய்தவர்களில் வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளர்கள் பெரிபெரி நோயில் கொத்துக்கொத்தாக விழுந்தார்கள், புழுங்கல் உண்ட தமிழர்கள் தப்பினார்கள். பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்து எழுதினார். 1905இல் வில்லியம் பிளெட்சர் கோலாலம்பூர் மனநல விடுதியில் பாதிப் பேருக்குப் பச்சரிசியும் மறுபாதிக்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்தார். நோய் ஏறக்குறைய முழுவதும் பச்சரிசிப் பக்கமே வந்தது. வைட்டமின் என்ற சொல்லே பிறக்காத காலம் அது. எத்தனையோ தலைமுறையாக நம் பாட்டிமார் அண்டாவில் செய்துவந்த வேலையை மில்லின் பாய்லர், தன் உமியையே எரித்துக்கொண்டு, தொடர்ந்தது.

மில்லைக் கடுமையாக எதிர்த்தவர் ஒருவர் தஞ்சாவூரில் பிறந்தவர். காந்தியின் பொருளாதாரச் சீடர் ஜே.சி.குமரப்பா, 1934இல் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கத்தின் தூணாக நின்று, ரைஸ்மில் ஊட்டத்தையும் வேலையையும் சேர்த்தே உமியாக்குகிறது என்று வாதிட்டார். தீட்டிய வெள்ளை அரிசி பற்றி அவர் சொன்னது சரி. இன்று கைக்குத்தல் அரிசிக்கு இரண்டு மடங்கு விலை கொடுப்பவர்கள் அதைத் தாமதமாக ஒப்புக்கொள்கிறார்கள். வேலை பற்றிச் சொன்னதும் சரிதான், நெல் குத்திப் பிழைத்த பெண்கள் பிழைப்பை இழந்தார்கள். ஆனால், விடியற்காலையில் எழுந்து உலக்கை பிடித்த கையை யாரும் கேட்டு முடிவெடுத்ததாகத் தெரியவில்லை. உரலில் நெல் குத்திய என் அத்தைகளில் ஒருவர்கூட மில் வந்ததற்கு அழுததில்லை.

மில் பெண்களை உரலிலிருந்து விடுவித்து, களத்தில் நிறுத்தியது. அவித்த நெல்லைச் சிமெண்ட் களத்தில் கொட்டி, கால்களாலும் பலகையாலும் விரித்து, திருப்பி, மறுபடியும் திருப்பி, மழை கறுத்தால் ஓடிவந்து குவித்து மூடும் வேலை அவர்களுடையது. மதிய வெயிலில், கொதிக்கும் தரையில். வடமாவட்டங்களின் சில ஆலைகளில் இது கூலி வேலையாகக்கூட இல்லை. 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும், 2000ஐத் தாண்டியும், திருவள்ளூர், காஞ்சிபுரம், வேலூர்ப் பகுதி ஆலைகளிலிருந்து இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்ட செய்திகளைப் படித்துக்கொண்டிருந்தோம். சில ஆயிரம் ரூபாய் முன்பணம், அதற்கு ஈடாக ஒரு குடும்பத்தின் அத்தனை ஆண்டுகள். மில் மணத்தைப் பற்றி மேலே எழுதிய நான் இதையும் எழுதாவிட்டால் அது பாதி மணம்.

நெல்லைக் கையில் வைத்திருப்பவருக்கும் நெல்லுக்காகக் கையேந்துபவருக்கும் இடையிலான தூரம் எவ்வளவு என்பதற்குக் கீழவெண்மணியை விடக் கொடிய அளவுகோல் இல்லை. கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்ட போராட்டம் அது. எதிரே நின்ற மிராசுதார்கள் வைத்திருந்த அமைப்பின் பெயர் நெல் உற்பத்தியாளர் சங்கம். 1968 டிசம்பர் 25 இரவு ஒரு குடிசைக்குள் 44 தலித்துகள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். உற்பத்தி செய்தவர்கள் யார் என்ற கேள்விக்கு அந்தச் சங்கத்தின் பெயரே பதில் சொல்லிக்கொண்டது.

அரசு பூட்டிய கிட்டங்கி

இரண்டாம் உலகப் போரில் மண்டியின் ஏகபோகம் முதன்முதலாக ஆட்டம் கண்டது. அதுவரை சென்னை மாகாணத்தின் பற்றாக்குறையைப் பர்மா அரிசி ஈடுகட்டியது. அந்த அரிசிக்குப் பின்னால் நகரத்தார் பணம் இருந்தது. 1930களின் முடிவில் கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் கால் பங்கு நிலம் கடனுக்கு ஈடாக அவர்கள் கைக்கு வந்திருந்தது. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் கப்பல் நின்றது. அடுத்த ஆண்டே ரேஷன். 1952இல் முதல்வர் ராஜாஜி கட்டுப்பாட்டை நீக்கினார். வணிகர்கள் கொண்டாடினார்கள், சில காலம் அது பலித்தது. 1960களின் நடுவில் மறுபடியும் தட்டுப்பாடு, மாவட்ட எல்லைகளில் சோதனைச் சாவடி, மடியிலும் தலைச்சுமையிலும் ஒளித்து ரயிலேறிய அரிசி.

இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14இல் பணியைத் தொடங்கியபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது. அப்போது மத்திய உணவு அமைச்சர் சி.சுப்பிரமணியம். இரண்டே ஆண்டுகளில், ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதியோடு திமுக ஆட்சியைப் பிடித்தது. அண்ணாவால் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போட முடிந்தது. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் உருவானது. நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் வந்தன. அறிவித்த விலை, எடை போட்ட மூட்டை, வங்கிக் கணக்கில் பணம். ‘லாபம்’ என்று எண்ணத் தொடங்கும் மரக்காலிடமிருந்து விவசாயியை விடுவித்த காரியம் இது. பழைய மண்டியின் மீது இன்று சிலருக்கு வரும் ஏக்கத்தை நான் பகிர்ந்துகொள்ளவில்லை.

என் புகார் வேறு. அரசு விலையைக் கையில் எடுத்தது, கொள்முதலைக் கையில் எடுத்தது, ரேஷன் கடை வரை விநியோகத்தையும் நேர்த்தியாகக் கட்டியது. நடுவில் மில் செய்துவந்த இரண்டு வேலைகளை மட்டும் யாருக்கும் ஒப்படைக்காமல் விட்டுவிட்டது: காயவைப்பது, வைத்திருப்பது.

சிறுநகர மில்கள் ஒரே நாளில் சாகவில்லை. 1958இன் அரிசி ஆலைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டம் புது மில்லுக்கு அனுமதி கட்டாயமாக்கியது. கைக்குத்தலைக் காப்பது அதன் நோக்கங்களில் ஒன்று, நடைமுறையில் காப்பாற்றியது ஏற்கெனவே உரிமம் வைத்திருந்தவர்களை. பிறகு ரப்பர் உருளையும் நவீன ஆலையும் வந்தன. திருவாரூர் நவீன அரிசி ஆலையை ஒட்டித் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடம்தான் வளர்ந்து இன்று தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்கிறது. ஹல்லரை விட நவீன ஆலையில் அரிசி கூடுதலாகக் கிடைக்கும், குருணை குறையும், தவிடு சுத்தமாகப் பிரிந்து எண்ணெய் ஆலைக்குப் போகும். அரசின் அரவைக் கணக்கில் 100 கிலோ புழுங்கல் நெல்லுக்கு 68 கிலோ அரிசி திரும்ப வர வேண்டும். ஓட்டை ஹல்லரால் அது முடியாது. 1997இல் அந்தச் சட்டமும் ரத்தானது. முதலீடு உள்ளவர்கள் வண்ணம் பிரிக்கும் இயந்திரம் வரை வாங்கினார்கள். மற்றவர்கள் மில்லைக் கல்யாண மண்டபமாக்கினார்கள், மனைகளாகப் பிரித்தார்கள், அல்லது பூட்டிவிட்டார்கள்.

அரவை காங்கேயம், செங்குன்றம், ஆரணி என்று சில ஊர்களுக்குக் குவிந்தது. காங்கேயம் மாட்டுக்குப் பேர்போன வறண்ட பூமி. செங்குன்றத்துக்கு நெல் ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வருகிறது. மன்னார்குடிக்காரர் தன் ஊர்க் கடையில் வாங்கும் அரிசிப் பையில் காங்கேயம் விலாசம் இருந்தால் இப்போது யாருக்கும் வியப்பில்லை. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பொட்டலத்துக்கு ஜிஎஸ்டி வந்ததும் கடைகளில் 26 கிலோ பை வந்துவிட்டது. கும்பிக்கும் தலைதட்டலுக்கும் பழகிய தொழில் அவ்வளவு சீக்கிரம் மறந்துவிடாது. கடைத்தெருவில் இன்னும் உயிரோடு ஓடுவது மாவு மில் மட்டும். மிளகாய் அரைத்த கல்லில் என் மாவை அரைக்காதே என்று சண்டை நடக்கும்வரை அது சாகாது.

அக்டோபர் மழையில்

இப்போது குறுவை அறுவடை நேரத்தில் டெல்டாவுக்கு வாருங்கள். நெடுஞ்சாலையின் ஒரு பாதி நெல். அறுவடை இயந்திரம் ஒரே நாளில் ஊரையே அறுத்துத் தள்ளிவிடுகிறது; முன்பு மூன்று வாரம் பரவி வந்த நெல் மூன்று நாளில் வந்து குவிகிறது. கொள்முதல் நிலையம் 17 சதவீத ஈரப்பதத்துக்குள் கேட்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம். ஒவ்வோர் ஆண்டும் ஈரப்பத வரம்பைத் தளர்த்தக் கோரி மாநில அரசு மத்திய அரசுக்கு எழுதும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுக்கும், ஆணை வருவதற்குள் நெல் முளைத்திருக்கும். வாங்கிய மூட்டைகளும் ஏற்றிச் செல்வது தாமதமானால் திறந்தவெளியில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கின்றன. முன்பு விவசாயி விலைக்காகக் காத்திருக்க முடியாமல் விற்றார். இன்று விற்பதற்காகவே நாள் கணக்கில் காத்திருக்கிறார், ஈர நெல்லின் மேல் படுத்துக்கொண்டு.

ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் இருக்கின்றனவே என்பார்கள். 1933ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1936இல் திருப்பூரில் பருத்திக்காகத் தொடங்கிய நல்ல ஏற்பாடு அது. அங்கே விளைபொருளை இருப்பு வைத்து, மதிப்பில் 75 சதவீதம் வரை பொருளீட்டுக் கடன் வாங்கிக்கொண்டு, ஆறு மாதம் காத்திருக்கலாம். பழைய மில் முதலாளியின் பேரேட்டை அரசு நியாயமாக எழுதினால் எப்படி இருக்குமோ, அதுதான் இது. 2007ஆம் ஆண்டுக் கிடங்குச் சட்டம் அந்த இருப்புச் சீட்டையே வங்கியில் ஈடு வைக்கவும் கைமாற்றவும் வழி செய்தது. உளுந்துக்கும் நிலக்கடலைக்கும் மிளகாய்க்கும் இது பயன்படுகிறது. நெல்லுக்கு ஏன் பயன்படவில்லை? கிட்டங்கியில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்க நெல்லின் ஈரம் 14 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். இறக்குவதற்குச் சிறு விவசாயியிடம் களம் இல்லை. கிராமத்துப் பொதுக்களங்கள் பல இடங்களில் ஆக்கிரமிப்பிலும் கட்டிடங்களிலும் மறைந்துவிட்டன. மில் களங்களைப் பூட்டிவைத்திருக்கிறோம். இரண்டு ஏக்கர் பரப்பில் சிமெண்ட் தளம், பக்கத்திலேயே ஓடு வேய்ந்த உயரமான கிட்டங்கி, மின் இணைப்பு, லாரி வந்து திரும்ப வழி: புதிதாகக் கட்டினால் கோடிகளில் செலவாகும் இந்த வசதி, தாலுகாவுக்குத் தாலுகா புல் முளைத்துக் கிடக்கிறது.

பல்லாயிரம் டன் கொள்ளும் எஃகுக் குதிர்களை அரசு கட்டட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவை வாங்கிய நெல்லுக்கு. வாங்குவதற்கு முன்னால், வயலுக்கும் தராசுக்கும் இடைப்பட்ட அந்தப் பத்து நாள்களுக்கு, அருகிலேயே ஒரு கூரையும் ஓர் உலர்த்தியும் வேண்டும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்குக் கொடுக்கும் மானியத்தில் புதுக் கட்டிடத்துக்குப் பதில் பழைய மில் குத்தகையையும் சேர்க்கலாம். உமி எரியும் உலர்த்திகள் நம் நாட்டிலேயே செய்யப்படுகின்றன. எரிபொருள் அதே நெல்லிலிருந்து வருகிறது. காய்ந்த நெல்லை அங்கேயே எடை போட்டு இருப்புச் சீட்டு கொடுத்தால், அறிவித்த விலைக்கு அரசுக்கு விற்பதா, மாசி வரை வைத்திருந்து ஆலைக்கு விற்பதா என்பதை முதன்முறையாக விளைவித்தவர் தீர்மானிப்பார். முக்கால்வாசிப் பணம் முன்னதாகக் கையில் இருக்கும்போதுதான் யாராலும் ‘பொறு’ என்று சொல்ல முடியும்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆட்சியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த குறுவை அறுவடைக்கு முன்பாக, உங்கள் மாவட்டத்தில் மூடிக்கிடக்கும் ரைஸ்மில்கள் எத்தனை, அவற்றின் களத்தின் பரப்பு எவ்வளவு, கிட்டங்கியின் கூரை ஒழுகுகிறதா இல்லையா என்று மட்டும் கணக்கெடுக்கச் சொல்லுங்கள். கிராம நிர்வாக அலுவலர்கள் ஒரு வாரத்தில் முடித்துவிடுவார்கள்.